பெயின்ட் அடிக்கும் முன் ஓதத்தைப் பாருங்க



ஐப்பசி, கார்த்திகை வந்தால் அப்பளம் நமத்துப் போகுது, பீரோவுக்குள் பட்டுப்புடவையில் பூசணம் பூக்குது, இளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு ராத்தூக்கம் இல்லை. மழை முடிஞ்சதும் சுவருக்குப் பெயின்ட் அடிக்க குழுவில் கடன் கேட்கிறோம். அடுத்த மழைக்கு அதே கறை.

கடன் கேட்கும் முன் ஒரு சோதனை செய்யுங்க. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்க. தாளுக்கும் சுவருக்கும் நடுவில் வேர்த்திருந்தால், ஈரம் சுவர் வழியா வருது. மாடி விரிசலையும் குழாய்க் கசிவையும் பாருங்க, கடன் அதுக்குத்தான். தாளின் வெளிப்பக்கம் வேர்த்திருந்தால், அது வீட்டுக் காற்றில் உள்ள ஈரம். சோறு கொதிக்கிற ஆவி, வெந்நீர் ஆவி, அறைக்குள் கொடி கட்டிப் போட்ட துணி, எல்லாம் குளிர்ந்த சுவரில்தான் படியும்.

இதுக்குச் செலவே இல்லை. மூடி போட்டுச் சமையுங்க. அடுப்படி ஜன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்துங்க. துணியைத் தாழ்வாரத்தில் போடுங்க. மழை விட்ட நேரம் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து வைங்க. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்க. கிண்ணத்தில் கல்லுப்பு வைக்கச் சொல்றாங்க. ஒரு அறைக்கு அது எந்த மூலைக்கு?

பூசணத்தை ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கிறவங்க, கக்கூஸ் கழுவுற ஆசிட்டை அதோட சேர்க்கவே கூடாது. விஷவாயு வரும்.