ஹுன்ஸாப் பள்ளத்தாக்கின் மீர்கள்



பனிக்காலம் நீங்கியதும் ஹுன்ஸாவின் அரசர் வயலுக்கு எழுந்தருளுவார். பொற்றுகள் கலந்த விதையை அவர் முதலில் தூவிய பின்னரே குடிகள் விதைப்பர். கரகோரம் மலைத்தொடரின் நடுவே, 7,788 மீற்றர் உயர்ந்த ராகபோஷிச் சிகரத்தை எதிர்நோக்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. அதனை வழிவழியாக ஆண்டவர்களை மீர் என்றும், புருஷஸ்கி மொழியில் தம் என்றும் அழைத்தனர்.

அங்கே மழை மிக அரிது. பனியாறு உருகிவரும் நீரைச் செங்குத்தான பாறையின் விலாவிலே கால்வாய் வெட்டிக் கொணர்ந்தாலன்றிப் புல்லும் முளையாது. ஆகவே கால்வாய் வெட்டுவித்தவனே நிலத்தைப் பங்கிட்டான். நிலத்தைப் பங்கிட்டவனே அரசனானான். குடிகள் தானியமும் ஆடும் வரியாகச் செலுத்தியதோடு, கூலியின்றி உழைக்கவும் வேண்டியிருந்தது. வயல் தந்த வரி போதாதென்றோ என்னவோ, யார்க்கந்து செல்லும் வணிகக் கூட்டங்களையும் மீரின் ஆட்கள் கொள்ளையிட்டு வந்தனர். மலையரண் இருந்தமையால் அவர்களைத் தண்டிக்க எளிதில் எவரும் வரவில்லை.

சப்தர் அலி என்பவர் 1886ஆம் ஆண்டில் தந்தையைக் கொன்று பட்டமேறினார். இரத்தம் கலந்த அவ்வுரிமை ஐந்தாண்டே நிலைத்தது. 1891 டிசம்பரில் ஆங்கிலேயப் படை நில்த் கோட்டையைக் கைப்பற்றியது. எனினும் அதற்கு அப்பாலிருந்த பாறையரணைக் கடக்க அப்படைக்கு ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. சப்தர் அலி சீனத்துக்கு ஓடிப்போனார். அவருடைய மாற்றாந்தாய் மகன் நாசிம் கான் 1892இல் அரியணை ஏற்றப்பட்டு, 1938 வரை ஆண்டார். குடும்பம் மாறவில்லை, ஆனால் மீரை ஆக்கவும் நீக்கவும் வல்ல கை வேறிடத்தில் இருந்தது என்பதைக் குடிகள் அன்றே கண்டுகொண்டனர்.

1947இல் மீர் ஜமால் கான் பாக்கிஸ்தானுடன் இணைந்தார். 1974இல் பூட்டோ அரசு மீராட்சியையே ஒழித்தது. கூலியில்லா உழைப்பு தொலைந்தது என்று உழவர் மகிழ்ந்திருப்பர். மகிழ நியாயமும் உண்டு. ஆனால் கால்வாய் ஆண்டுதோறும் சரிந்துகொண்டேயிருந்தது. முன்னர் மீரின் ஆணைக்கு அஞ்சி மண்வெட்டி எடுத்தவர்களை இனி யார் கூட்டுவது? 1982இல் ஆகா கான் கிராமிய உதவித் திட்டம் தொடங்கியபின், ஊர்தோறும் சங்கங்கள் அமைந்தன. கால்வாய் வெட்டுவதும் பழுது பார்ப்பதும் அச்சங்கங்களின் பொறுப்பாயின. மீர்கள் வாழ்ந்த பால்தித் கோட்டை செப்பனிடப்பட்டு, 1996 முதல் நூதனசாலையாக விளங்குகின்றது.