வெள்ளைக் கோடு



பள்ளிப் பிள்ளைகளின் கண்ணாடி போன்ற ஸ்கேல் பெரும்பாலும் பாலிஸ்டைரீனால் ஆனது. நல்ல கடினம்தான், ஆனால் கொஞ்சம் வளைத்தாலே படக்கென்று முறிந்துவிடும். கடினம் வேறு, அடி தாங்கும் உறுதி வேறு.

பாலிஸ்டைரீனின் மூலப்பொருளான இதே ஸ்டைரீனோடு அக்ரிலோநைட்ரைலும், பியூட்டாடையீன் ரப்பரும் சேர்ந்தால் கிடைப்பது ஏபிஎஸ். பல ஹெல்மெட்டுகளின் மேல் ஓடு இதுதான். லெகோ நிறுவனம் தன் விளையாட்டுக் கட்டைகளை 1963இல் இதற்கு மாற்றத் தொடங்கியது. அதற்கு முன் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் கோணிக்கொண்டது.

ஏபிஎஸ் துண்டு ஒன்றை மெல்ல மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துணுக்குகள் இருக்கின்றன. விசை வரும்போது, ஒரே இடத்தில் பெரிய விரிசல் ஓடாமல், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான நுண்கீறல்களும் நுண்துளைகளும் உண்டாகி, அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் அந்த வெள்ளை.

ரப்பரைக் கூட்டினால் அடி தாங்கும், கடினம் குறையும். அந்த அளவைப் பார்ப்பதில்தான் கைத்திறமை. அதோடு, ரப்பரைச் சும்மா கலந்தால் ஒட்டாது. அதனால் மற்ற இரண்டையும் அந்த ரப்பரின் மேலேயே வளரவிடுகிறார்கள். ஒட்டுக்கன்று கட்டுவது மாதிரி! வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது.

ஹெல்மெட் ஒருமுறை பலமாக அடிபட்டால், வெளியே பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உள்ளே அந்த நுண்கீறல்கள் தங்கிவிட்டிருக்கலாம்.