நாட்பட்ட வலியும் தொலைமருத்துவமும்

(அறநிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மருத்துவர் மேடையேறினால் சர்க்கரையைப் பற்றித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் வலி நிவாரணத் துறையில் பணியாற்றுபவன். ஆகவே வலியைப் பற்றிப் பேச அனுமதி வேண்டுகிறேன்.

அடிபட்டால் வலிக்கிறது, புண் ஆறினால் வலி போகிறது. அந்த வலி நமக்குக் காவல்காரன். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிப்பதை நாட்பட்ட வலி என்கிறோம். பல வேளைகளில் புண் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கை மணியை நிறுத்துவதில்லை. எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியாது. "உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பிறகு வீட்டாரும் நம்புவதில்லை. இதுதான் வலியைவிடப் பெரிய வேதனை.

நம் நாட்டில் இதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். செலாயாங் மருத்துவமனையில் 2002ஆம் ஆண்டு 'மெனாங்' என்னும் பயிற்சி தொடங்கியது. வலியோடு நடமாடவும், வேலையை அளவாகப் பிரித்துச் செய்யவும், அச்சத்தைக் குறைக்கவும் நோயாளிக்குக் கற்றுக் கொடுப்பதே அதன் நோக்கம். ஆனால் இத்தகைய சேவைகள் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் இருக்கின்றன. அங்கு வந்து சேர்வதே நோயாளிக்கு ஒரு தண்டனை.

பகாங் உட்புறத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். இளமையில் பால்மரம் சீவிய ஓர் அம்மையார், இடுப்பு வலிக்காக என்னிடம் வருவார். காரில் மூன்று மணி நேரம் வர வேண்டும்; திரும்பிப் போகவும் அவ்வளவு நேரம். மகனுக்கு ஒரு நாள் சம்பளம் போய்விடும். வந்து சேரும்போது வலி இரட்டிப்பாகியிருக்கும். என் அறையில் அவர் இருப்பதோ சில நிமிடங்கள்தான்.

தொலைமருத்துவச் சட்டம் நம் நாடாளுமன்றத்தில் 1997லேயே நிறைவேறியது. அன்று கூட்டத்திற்குக் கூட்டம் இதுவே பேச்சு. பிறகு பேச்சு அடங்கிவிட்டது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோதுதான் எங்களில் பலர் கைத்தொலைபேசியின் திரையில் நோயாளியைப் பார்க்கத் தொடங்கினோம்.

நேரில் முன்பே பரிசோதித்திருந்ததால், அந்த அம்மையாரையும் அப்படிப் பார்க்க முடிந்தது. தரையில் அரிவாள்மனை போட்டுக் குனிந்து காய் நறுக்குவதைக் கண்டேன். குளியலறைப் படியின் உயரத்தைக் கண்டேன். மருந்துப் பையை அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். கடையில் வாங்கிய இரண்டு வகை வலி மாத்திரைகள் இருந்தன. பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே இனம், இரண்டும் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. அவரோ சர்க்கரை நோயாளி. கிளினிக்குக்கு அந்தப் பையை அவர் ஒரு நாளும் கொண்டு வந்ததில்லை.

ஒரு சிக்கலும் இருந்தது. திரைக்கு முன் பேசியது பேரன். நம் தமிழில் குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, எரிகிறது, சுளீரென்று இழுக்கிறது, மதமதப்பாக இருக்கிறது என்று எத்தனை சொற்கள்! எனக்கு ஒவ்வொன்றும் ஒரு தடயம். எரிச்சலும் சுளீரென்ற இழுப்பும் நரம்பைச் சுட்டலாம். அதற்கான மருந்தே வேறு. பேரன் மலாயில் சொல்லும்போது அத்தனையும் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்லாகிவிட்டது. மேலும், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் நம் தாய்மார்கள் "கொஞ்சம் தேவலாம்" என்பதற்கு மேல் வாய் திறப்பார்களா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003ல் 'எக்கோ' திட்டத்தைத் தொடங்கினார். அவர் கல்லீரல் நிபுணர். நோயாளியை வரவழைக்காமல், சிற்றூர் மருத்துவர்களுக்கே திரை வழியாக வாரந்தோறும் வழிகாட்டினார். ஹெப்பாடைட்டிஸ் சி நோயில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 விழுக்காடு, சிற்றூர்களிலும் சிறைகளிலும் 58.2 விழுக்காடு என்று 2011ல் முடிவு வெளியானது. பின்னர் அதே முறை நாட்பட்ட வலிக்கும் விரிந்தது. கருவியைவிட, நோயாளியின் அருகில் இருந்தவரே அங்கே முக்கியம்.

ஆகவே நன்கொடையாளர்களிடம் என் வேண்டுகோள்: பெரிய திரையும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டாம். சாதாரணக் கைத்தொலைபேசி போதும். தமிழும் மலாயும் அறிந்த, பயிற்சி பெற்ற ஒரு தொண்டரை அமர்த்துங்கள். அவர் கேட்டதை வெளியில் சொல்லாதவராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது நோயாளியை அழைத்து, "நேற்று எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். வலி எத்தனை என்று மட்டும் கேட்பதில் பெரிய பயனில்லை.

எல்லாவற்றையும் திரையில் பார்த்துவிட முடியாது. காலில் திடீரென வலு குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனாலோ, முதுகு வலியோடு காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ கண்டாலோ தொலைபேசியை வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொண்டருக்கு முதல் பாடமே இதுதான்.

மண்டபத்தின் பின்புறம் பழைய விளக்குகள் அடுக்கியிருக்கும் அறையைச் செயலாளர் எனக்குக் காட்டினார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கதவுதான் சரியாக மூடவில்லை. உள்ளே பேசுவது நடையில் கேட்கிறது. முதல் நன்கொடையில் அந்தக் கதவைச் சரிசெய்து கொடுங்கள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் நான் திரையில் காத்திருக்கிறேன்.