வாசல் மணி கண்ணுக்கும் தெரியட்டும்

(நசரத்பேட்டை கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

எப்பவும் சேமிப்பு, கடன், தவணை என்றுதான் பேசுகிறோம். இன்றைக்கு காலிங் பெல் பற்றிப் பேசப்போகிறோம். சிரிக்கிறீங்க. கேட்டுட்டு சிரிங்க.

போன மழைக்காலத்தில் ஒரு குழுவில் அவசரக் கூட்டம் போட்டாங்க. வங்கிக் கடனுக்கு எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு அக்கா மட்டும் வரவில்லை. ஊக்குநர் வீட்டுக்கே போய் பத்து நிமிஷம் கதவைத் தட்டியிருக்காங்க. உள்ளே லைட் எரியுது, மிக்சி ஓடுது, கதவு திறக்கலை. "நாம போனா திறக்க மாட்டாளாம், அவ்வளவு ராங்கி" என்று பேச்சாகி, அபராதமும் எழுதிவிட்டார்கள். அந்த அக்காவுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாருக்கும் தோணலை. அபராதம் எழுதிய நோட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள்தான்.

பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். ஜன்னலில் கையை ஆட்டித்தான் கூப்பிட்டோம். காஸ் சிலிண்டர் திரும்பிப் போகிறது, தபால்காரர் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார் என்றார். மகனுக்கு இருங்காட்டுக்கோட்டையில் நைட் ஷிப்ட். விடியற்காலையில் வருவார். அதற்காகக் கொசுவலையில் ஒரு கயிறு கட்டி ஜன்னல் வழியே வெளியே விட்டிருக்கிறார். மகன் இழுத்தால் வலை ஆடும், அம்மா எழுந்துகொள்வார். படித்த எங்களுக்குத் தோணாத யோசனை!

காது மெஷின் இருக்கே என்று கேட்பீங்க. தூங்கும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அப்போது கண்ணுக்கோ உடம்புக்கோ தெரிகிற மாதிரி ஒன்று வேண்டும்.

வழி ரொம்ப சுலபம். வாசல் சுவிட்சை அமுக்கினால் பெல்லுக்குக் கரண்ட் போகிறது இல்லையா? அதே கரண்டில் ஒரு சிவப்பு பல்பையும் சேர்த்துவிட்டால், பெல் அடிக்கும்போது பல்பும் எரியும். அடுப்படியில் ஒன்று, படுக்கும் இடத்தில் ஒன்று, முகத்துக்கு நேராக வைக்கணும். முதுகுக்குப் பின்னால் எரிந்தால் என்ன பிரயோஜனம்? சுவிட்சை அமுக்கும் வரைதான் எரியும். அதனால் வருகிறவர்கள் விட்டு விட்டு நாலு தடவை அமுக்கணும். இந்த வேலையை எலெக்ட்ரீஷியன்தான் செய்யணும், நீங்களே ஒயரைத் தொடாதீங்க. வாசல் சுவிட்ச் மழைச் சாரல் படாத இடத்தில் இருக்கட்டும். அசந்து தூங்குகிறவர்களுக்கு வெளிச்சம் போதாது. தலையணைக்கு அடியில் வைத்தால் அதிர்ந்து எழுப்பும் கருவியும் விற்கிறது. கரண்ட் போனால் பல்பு எரியாது, அதனால் கொசுவலைக் கயிறு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஆண்ட்ராய்டு போனிலும் ஒரு வசதி உண்டு, 2020-இல் வந்தது. காலிங் பெல் சத்தம், கதவு தட்டும் சத்தம், குழந்தை அழுகை இவற்றைப் போனே கேட்டு, அதிர்ந்து, லைட் அடித்துக் காட்டும். உங்க வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் செட் பண்ணித் தருவாங்க. ஆனால் போன் பக்கத்திலேயே இருக்கணும், சார்ஜ் இருக்கணும். சில நேரம் தவறவும் விடும். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

நாம் ஏரிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்தில் நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள். அடையாற்றங்கரை ஊர்கள் என்ன ஆனதென்று நமக்குத் தெரியும். அப்படி ஒரு ராத்திரியில் மைக்கில் கத்தினாலும் கதவை உடைக்கிற மாதிரி தட்டினாலும் அந்த அக்காவுக்குக் கேட்குமா? உங்கள் தெருவில் அப்படி யார் இருக்கிறார், அவரை யார் போய் எழுப்புவது என்று குழுவில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறவியிலேயே கேட்காதவர்கள் மட்டும் இல்லை. "பாட்டிக்கு வயசாச்சு" என்று விட்டுவிடுகிறோமே, அவர்களும்தான். காது பரிசோதனை செய்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க வேண்டியவர்கள் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், திருவள்ளூர் அலுவலகத்துக்குக் கூட வருகிறோம்.

அந்த அக்காவின் அபராதத்தைக் குழு திருப்பிக் கொடுத்துவிட்டது. பல்பு, ஹோல்டர், ஒயர், கூலி எல்லாம் உள்கடனில் எடுத்து மாட்டியாச்சு. முதல் நாள் தெருப் பிள்ளைகள் சும்மா சும்மா அமுக்கிவிட்டு ஓடியிருக்காங்க. அக்காவுக்குக் கோபமே வரலையாம், கரண்டியோடு வந்து நின்று சிரித்தாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை பூந்தமல்லியிலிருந்து எலெக்ட்ரீஷியன் வருகிறார். பல்பு வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்க.