மலைநாட்டுச் சாலையில் போரின் தடம்

போர் வரலாறு சொல்லும் இடங்களைத் தேடி, வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதை நம் மலையகத்தில் எப்படிச் செய்தால் பயன் தரும் என்றுதான் இன்று பேசப்போகிறேன்.

அட்டனில் புறப்பட்டு, தலவாக்கலை, நானுஓயா தாண்டி நுவரெலியா போகிறவருக்குப் பீரங்கியும் சீருடையும் அடுக்கிய பெரிய இராணுவ அருங்காட்சியகம் எதிர்ப்படாது. இங்கே போரின் வரலாறு கல்லறைகளிலும் சாலைகளிலும் கிடக்கிறது. சாலைகளை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. அடுத்து ஊவாவில் எழுந்த பெரும் கிளர்ச்சியை 1818இல் அடக்கிய பிறகு, மலைக்குள் படை விரைந்து ஏற வழி தேவைப்பட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் சாலைகள் வெட்டப்பட்டன. கொழும்பு–கண்டிச் சாலையில், கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம், அந்தச் சாலையை அமைத்த படைப் பொறியாளர் கப்டன் டோசனின் நினைவுக்காக எழுப்பப்பட்டது. பின்னால் கோப்பியும் தேயிலையும் இறங்கியது படைக்காக வெட்டிய இந்தப் பாதைகளில்தான்.

கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவரான கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் கண்டியில் தலை வெட்டிக் கொன்றார்கள். அவருடைய மண்டையோட்டை ஆராய்ச்சி என்ற பெயரில் எடின்பரோவுக்குக் கொண்டுபோனார்கள். அது நாடு திரும்ப 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தலதா மாளிகைக்கு அருகே அவருடைய நினைவுச் சின்னம் இருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் பிரித்தானியரின் பழைய படைக் கல்லறைத் தோட்டம். வாட்டர்லூ உள்ளிட்ட பல ஐரோப்பியப் போர்களில் உயிர் தப்பிய கப்டன் மக்லஷன் என்ற அதிகாரி, திருகோணமலையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்து, காய்ச்சல் கண்டு 1817இல் இறந்து அங்கே அடக்கமானார். அங்கே கிடப்பவர்களில் பலரை நோய்தான் கொண்டுபோனது. வாள் வீச்சையும் வெற்றியையும் மட்டும் தேடிப் போகிறவர் இந்த உண்மையைக் கவனிக்காமல் வந்துவிடுவார்.

என் மனம் அதிகம் தங்குவது, கண்டி நகருக்கு மேற்கே உள்ள பொதுநலவாயப் போர் மயானத்தில். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியத் தலைமையகத்தை 1944இல் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கிழக்காபிரிக்கப் படையினர் இலங்கையில் பயிற்சி பெற்றுப் பர்மாப் போர்முனைக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் இறந்தவர்கள் சுமார் இருநூறு பேர் இங்கே இருக்கிறார்கள்: பிரித்தானியர், இந்தியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், சில இத்தாலியரும்கூட. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சிறிய கல் என்ற பேதம் அங்கே இல்லை. பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள், பல கற்களில் வயது. அந்த வயதுகளை வரிசையாக வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். வேனில் பத்துப் பேராகப் போனால் ஒருவர் படம் எடுக்கக் கூப்பிடுவார், இன்னொருவர் பசிக்கிறது என்பார். தனியாகப் போகிறவர் ஒரு கல்லின் முன் கால்மணி நேரம் நின்றாலும் கேட்க ஆளில்லை. தனிப் பயணத்தின் உண்மையான பலன் இதுதான் என்பேன். ஒன்று மட்டும்: கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குத் திரும்பும் வழியில் இறம்பொடை வளைவுகளில் மூடுபனி இறங்கினால், வண்டியை ஓரங்கட்டத் தயங்காதீர்கள்.

போர் வரலாற்றில் எதையும் அளக்க எனக்கு ஒரு கேள்வி போதும்: இது யாருக்குப் பெயர் கொடுக்கிறது? தாய்லாந்தின் காஞ்சனபுரியில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மாண்ட போர்க் கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தனித்தனியே கல்லறைகள் பேணப்படுகின்றன. அதே பாதையில் மாண்டவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை இல்லை. லயத்தில் பிறந்த நமக்கு அந்த வெறுமை அந்நியமானதல்ல.

நம் தோட்டங்களிலும் துரைமாருக்குத் தனிப் படையே இருந்தது. 1900இல் அமைந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை முதலாம் உலகப் போரில் எகிப்துக்கும், பிறகு கலிப்போலிக்கும் போனது. 1949இல் கலைக்கப்பட்டது. துரை போருக்குப் போன நாளிலும் மலையில் கொழுந்து பறிபட்டது, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்களை எந்த நினைவுக் கல் தாங்குகிறது? கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், லயத்து அறைகளிலேயே அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை ஆயுதம் தேடிப் போகிறவர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். போர்க்காலத்தில் பேரரசுக்குத் தேயிலை யார் கையால் போனது என்பதை அந்த அறைகளே சொல்லும்.

தூரம் போக முடிந்தவர்கள் வெலிமடை வழியாகத் தியத்தலாவைக்கும் போகலாம். 1900 முதல் சுமார் 5,000 தென்னாபிரிக்கப் போயர் போர்க் கைதிகளை அடைத்து வைத்த ஊர் அது. இன்றும் படை முகாம் என்பதால் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது.

கண்டியில் ஒரு நாள் மிச்சம் வைத்திருந்தால், ஹேவாஹெட்டைப் பக்கம் போங்கள். இரண்டாம் உலகப் போர் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த 1940 ஜனவரியில், அங்குள்ள முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். படைவீரர் பட்டியல் எதிலும் அவர் வரமாட்டார். நீங்கள் எழுதும் பயணப் பட்டியலில் முல்லோயாவும் இருக்கட்டும்.