நோயைச் சொல்ல ஒரு வாய்



1913ஆம் ஆண்டில் அல்பர்ட் சுவைட்சர் என்ற வைத்தியர், ஆபிரிக்காவில் இன்றைய கபோன் நாட்டிலுள்ள லம்பரேனே என்ற ஆற்றங்கரை ஊருக்குப் போனார். கிறிஸ்தவ மிஷன் இடத்தில் சம்பளம் இல்லாத தொண்டு. கட்டிடம் கிடையாது. பழைய கோழிக்கூட்டைச் சுத்தம் பண்ணி, அதிலேதான் நோயாளிகளைப் பார்த்தார். மனைவி ஹெலன் தாதி வேலை செய்தார்.

சனங்கள் தூரத்திலிருந்து ஓடத்தில் வந்தாங்க. அவங்க பாஷை வைத்தியருக்கு விளங்காது. விளங்காத நோய்க்கு என்ன மருந்து கொடுக்கிறது?

அப்போது கைகொடுத்தவர் ஜோசப் என்ற உள்ளூர்க்காரர். நோயாளியாக வந்தவர், முன்பு சமையல்காரர். அதனால் உடம்பின் பாகங்களுக்கு இறைச்சித் துண்டுகளின் பெயரைத்தான் சொல்லுவாராம்! சிரிப்பாக இருந்தாலும், வலி எங்கே என்று வைத்தியருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சத்திர சிகிச்சையிலும் உதவினார்.

நம்ம தோட்டத்து அம்மா ஒருவர் சிங்களம் மட்டும் தெரிந்த டாக்டரிடம் போகிறார் என்று வையுங்கள். மொழி தெரிந்த பிள்ளை ஒன்று கூடப் போகட்டும். எங்கே வலி, எத்தனை நாளாக, மருந்தை எப்படிக் குடிப்பது என்று இரண்டு பக்கமும் சரியாகச் சொல்லட்டும். அதுவும் வைத்தியத் தொண்டுதான்.