துளி மருந்தும் உப்புச் சிமிழும்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பொழுது புலரும் வேளையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மலையெங்கும் பனிமூட்டம். லயத்து அடுப்பிலே தேநீர் கொதிக்கிறது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. தைரொயிட்டுச் சுரப்பியின் குறைவுக்கென வைத்தியர் எழுதித் தந்த மாத்திரையை ஒரு தாய் சூடான தேநீரோடு விழுங்கிவிட்டுக் கொழுந்து கொய்ய விரைகிறாள். மாதங்கள் பல சென்றும் அவளுடைய சோர்வு தீரவில்லை. “மாத்திரையை விட்டுவிடு, அயடின் துளி மருந்தைத் தண்ணீரில் விட்டுக் குடி” என்று அயலில் ஒருவர் சொல்கிறார். அவள் எதைக் கேட்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றியதே.

கழுத்தின் முன்புறத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட்டுச் சுரப்பி. அது தைரொக்சினைச் சுரப்பதற்கு அயடின் வேண்டும். மலைநாட்டு மண்ணிலுள்ள அயடினைப் பெருமழை கரைத்துக் கொண்டுபோய்விடுகிறது; மண்ணில் இல்லாதது கீரையிலும் கிழங்கிலும் இராது. அயடின் குறைந்தால் சுரப்பி பருத்துக் கண்டக்கழலை தோன்றும். கருவுற்ற தாய்க்கு அக்குறைவு கடுமையாகுமானால், பிறக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும்.

இதற்கு மாற்று நம் அடுப்படியிலேயே இருக்கிறது. இலங்கையில் மக்கள் உண்ணும் உப்பில் அயடின் சேர்க்க வேண்டுமென்று 1995ஆம் ஆண்டில் சட்டம் விதிக்கப்பட்டது. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடின் 150 மைக்கிரோகிராம். கருவுற்ற தாய்க்கு 250. அயடின் சேர்ந்த உப்பை மூடிய சிமிழில், அடுப்பின் வெக்கைக்கும் ஈரத்துக்கும் எட்டாமல் வையுங்கள். உப்பைக் கழுவாதீர்கள். கறி வெந்து இறக்கும் தறுவாயில் இடுங்கள். உப்பை மிகுதியாக உண்ண வேண்டியதில்லை; அளவான உப்பே போதும்.

இனி, துளி மருந்துக்கு வருவோம். லூகோல் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1829இல் வகுத்த அயடின் கரைசல் இன்றும் வழக்கில் உள்ளது. நூற்றுக்கு 5 பங்கு அயடின் கொண்ட அக்கரைசலின் ஒரே துளியில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் அயடின் உண்டு. அதாவது, ஒரு நாளைத் தேவையைப் போல் நாற்பது மடங்கு! சத்திரசிகிச்சைக்கு முன்னர், வைத்தியரின் கண்காணிப்பில், சில நாட்களுக்கு மட்டும் கொடுக்கும் மருந்து அது. நாமாகவே நாள்தோறும் பருகினால், சுரப்பி ஒன்றில் சோர்ந்துவிடும். அன்றேல் அளவுமீறிச் சுரக்கும். தைரொக்சின் மாத்திரைக்கு அது ஈடாகவும் மாட்டாது. அயடின் மூலப்பொருள், தைரொக்சின் முடிந்த பொருள். தறி பழுதடைந்த வீட்டில் நூலைக் குவித்தால் சேலை கிடைக்குமா?

அவ்வாறாயின் அந்தத் தாயின் மாத்திரை ஏன் பயன்தரவில்லை? காரணம் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று அவள் கையிலிருந்த தேநீர்க் கோப்பை. தேநீரும் பாலும் உணவும் தைரொக்சின் உடலிற் சேர்வதைக் குறைக்கக் கூடும். ஆகவே, கண்விழித்ததும் வெறும் வயிற்றில், வெறுந்தண்ணீரோடு மாத்திரையை உண்ண வேண்டும். அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே தேநீர் அருந்த வேண்டும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சிய மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. காலையில் இவ்வளவு அவகாசம் இல்லையென்றால், இராவுணவு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்குமுன் உண்ணலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். எவ்வேளையாயினும் நாள்தோறும் ஒரே வேளையாக இருக்கட்டும்.

திரவ வடிவிலான தைரொக்சினும் உலகில் உண்டு. ஆனால் நம்மவர்க்குப் பெரும்பாலும் கிடைப்பது மாத்திரையே. பச்சிளங் குழந்தைக்கு வைத்தியர் அதைப் பணித்திருந்தால், பொடித்துச் சிறிதளவு தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து, அப்பொழுதே கரண்டியால் புகட்டுங்கள். கரைத்ததை எடுத்து வைக்கலாகாது. போத்தற்பாலிற் கலக்கவும் கூடாது.

தாய்மாரே, கருவுற்றதை அறிந்தவுடன், தைரொக்சின் உண்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நாடெங்கும் மணக்கும் நம் தேயிலை நாளை காலையும் லயத்து அடுப்பிலே கொதிக்கத்தான் போகிறது. மாத்திரைக்காக அது அரைமணி நேரம் காத்திருக்கட்டும்.